மழைச் சாலையில் இருவர்: ஆளுக்கொரு சைக்கிளா, டாண்டமா, மின்சைக்கிளா?

"கார்ரெத்தேரா ஆஸ்திரால் போவது என்று முடிவாகிவிட்டது. ஆளுக்கொரு சைக்கிளா, இருவரும் முன்னும் பின்னும் உட்கார்ந்து மிதிக்கும் ஒரே டாண்டமா என்பதில்தான் வீட்டில் இழுபறி." இப்படிக் கேட்கிற தம்பதிகள் கூடிக்கொண்டே போகிறார்கள். இப்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது: மெதுவாக மிதிப்பவருக்கு மட்டும் மின்சைக்கிள் எடுத்துக் கொடுத்துவிட்டால் என்ன? நானும் என் கணவரும் ஆளுக்கொரு சைக்கிளில் போனவர்கள், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது முதலிலேயே தெரிந்திருக்கட்டும். ஆனாலும் டாண்டம்தான் உங்களுக்குச் சரி என்று நானே சொல்லக்கூடிய தம்பதிகளும் இருக்கிறார்கள்.

சாலையைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக. சிலி நாட்டின் 7ஆம் எண் நெடுஞ்சாலை இது. புவெர்த்தோ மோந்த் நகரில் தொடங்கித் தெற்கே வியா ஓஹிக்கின்ஸ் என்ற சிற்றூரில் முடிகிறது, ஏறத்தாழ 1,240 கி.மீ. பினோசே ஆட்சியில், 1976இல், ராணுவத்தை வைத்து வெட்ட ஆரம்பித்தார்கள். கடைசி ஊரைச் சாலை எட்டுவதற்கு 2000ஆம் ஆண்டு ஆகிவிட்டது. கடல் உள்ளே புகுந்திருக்கும் சில இடங்களில் சாலையே கிடையாது, வண்டிகளை ஏற்றும் படகில்தான் கடக்க வேண்டும். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஆண்டீஸ் மலைத்தொடரில் முட்டி மேற்குச் சரிவு முழுக்கக் கொட்டுகிறது, புயுவாப்பி, கேவுலாத் பக்கமெல்லாம் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல். டிசம்பரிலிருந்து மார்ச் வரை கோடை என்று பெயர், அப்போதும் பெய்யும். நம் ஊர் மழையைப் போல அடித்துவிட்டு ஓயாது. பத்து டிகிரி குளிரில் மூன்று நாள் விடாமல் நசநசவென்று பெய்துகொண்டிருக்கும். அந்தப் பத்து டிகிரியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் கீழே சொல்கிற எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

எல்லோரும் வேகம், எடை, விலை என்று ஆரம்பிக்கிறார்கள். என் முதல் கேள்வி வேறு: மழையில் யார் யாருக்காக எவ்வளவு நேரம் நிற்கப் போகிறீர்கள்?

ஏற்றத்தில் மிதிக்கும்போது உடம்பு சூடாக இருக்கிறது, மழைக்கோட்டுக்குள் வேர்த்துக்கொட்டுகிறது. மேலே போய் நின்ற ஐந்தாவது நிமிஷத்தில் அந்த வேர்வையே சில்லிட ஆரம்பிக்கும். கால் மணி நேரம் ஆனால் விரல் மரத்துப்போய், இறக்கத்தில் பிரேக்கை ஒழுங்காகப் பிடிக்க வராது. பின்னால் வருகிறவருக்கு வேறு கொடுமை, மூச்சிரைக்க வந்து சேருகிற நேரத்தில் முன்னவர் பல் நடுங்க "கிளம்பலாமா?" என்பார். வேகமானவருக்கு ஓய்வும் அதிகம் குளிரும் அதிகம். மெதுவானவருக்கு ஓய்வே கிடையாது. வெயில் காலமென்றால் மர நிழலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டே காத்திருக்கலாம், ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம் வராது. இங்கே வரும். தம்பதிகள் பாதியில் பயணத்தை முடித்துக்கொள்வதற்குக் கால்வலியைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அப்புறம்தான் மற்றவை. முடியாமல் போனால் பஸ்ஸிலோ பிக்கப்பிலோ ஏறித் தப்பிக்க முடியுமா? ஈரமும் சரளைக்கல் சாலையும் சேர்ந்து எதையெல்லாம் தேய்க்கும், மாற்று உறுப்பு கிடைக்குமா? விமானத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க என்ன ஆகும்? பயணத்தை எந்த ஊரில் முடிக்கப் போகிறீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் யோசிப்பதே இல்லை, ஆனால் டாண்டம் வேண்டுமா வேண்டாமா என்பதை அது ஒன்றே தீர்த்துவிடலாம்.

| | ஆளுக்கொரு சைக்கிள் | டாண்டம் | ஒருவருக்கு மின்சைக்கிள் |
|---|---|---|---|
| மழையில் காத்திருப்பு | உண்டு, குறைக்கலாம் | இல்லை | ஏற்றத்தில் குறையும் |
| பஸ், பிக்கப் | பெரும்பாலும் முடியும் | கஷ்டம் | முடியும், தூக்க ஆள் வேண்டும் |
| சாமான் இடம் | தாராளம் | நெருக்கடி | தாராளம் |
| மாற்று உறுப்பு | சுலபம் | கையோடு கொண்டுபோக வேண்டும் | மோட்டார் பழுதானால் வழியில்லை |
| விமானம் | இரண்டு பெட்டி, பழகிய வேலை | பெரிய தலைவலி | பேட்டரி ஏறாது |
| எல்லை தாண்டி எல் சால்த்தேன் (அர்ஜென்டினா) வரை | கஷ்டப்பட்டு முடியும் | வேண்டாம் | வேண்டவே வேண்டாம் |

## ஆளுக்கொரு சைக்கிள்

காத்திருப்புப் பிரச்சினை முழுக்க இதில்தான். ஆனால் காசில்லாத மருந்து ஒன்று இருக்கிறது: சுமையை மாற்றுவது. கூடாரம், அடுப்பு, எரிபொருள், சங்கிலி வெட்டும் கருவி, மூன்று நாள் சாப்பாடு எல்லாம் வேகமானவர் பையில் போகட்டும். ஆளுக்குப் பாதி என்று பங்கு போடுவது நியாயமாகத் தோன்றும், ஏற்றத்தில் அது நியாயமே இல்லை. ஒருவரைவிட இன்னொருவர் பத்து கிலோ அதிகம் சுமந்தால் இடைவெளி கண்ணுக்குத் தெரிந்து குறையும்.

சில விஷயங்களை மட்டும் பிரிக்கக் கூடாது. காய்ந்த துணி ஒரு செட், ஒரு வேளை சாப்பாடு, காற்றடிக்கும் பம்ப், ட்யூப் ஆகியவை ஆளுக்கு ஒன்று கட்டாயம். பம்ப் ஒன்றுதான் இருக்கிறது, அது ஐந்து கி.மீ. முன்னால் போய்விட்டது என்றால் பின்னால் பஞ்சரானவர் மழையில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வார்? கூடாரத்தின் துணி ஒருவரிடம், கம்பி இன்னொருவரிடம் என்று எடையைச் சமன் செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டில் ஒன்று வந்து சேராவிட்டால் இரண்டும் வீண்.

எங்கள் விஷயம் கொஞ்சம் கோணல். ஏற்றத்தில் நான் வேகம், இறக்கத்தில் அவர் வேகம். ஆக மேலே நான் நின்றேன், கீழே அவர் நின்றார். கேவுலாத் கணவாயில், சரளைக்கல் கொண்டை ஊசி வளைவுகளில், இது உச்சத்துக்குப் போனது. இறங்கி முடித்ததும் அவர் சைக்கிளின் பின் டிஸ்க் பிரேக்கில் கிரீச்சென்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடில் கட்டையே இல்லை, பின்தகடு டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தபோது பாதிக்கு மேல் இருந்த பேடு அது. சக்கரத்திலிருந்து தெறித்த மணல்சேறு சாணைக்கல் வேலை செய்திருக்கிறது. ரெசின் பேடு ஈர மணலில் இப்படித்தான் போகும், மெட்டல் பேடுதான் தாங்கும். என் பையில் அதே அளவு மெட்டல் பேடு இருந்ததால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஆளுக்கொரு சைக்கிளின் பெரிய வசதியே இதுதான், அதற்கு இரண்டும் ஒரே சக்கர அளவு, ஒரே பிரேக், ஒரே சங்கிலி என்று இருக்க வேண்டும். ரிம் பிரேக் வைத்திருப்பவர்களுக்குப் பேடோடு ரிம்மும் சேர்ந்து தேயும், அதை வழியில் மாற்றவும் முடியாது.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்வதில்லை. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போனால் முன்சைக்கிளின் பின்சக்கரம் வாரி இறைக்கிற தண்ணீர் முழுக்கப் பின்னால் வருகிறவர் முகத்தில்தான். மட்கார்டின் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, தரைக்கு ஒரு சாண் உயரம் வரை தொங்கவிடுங்கள். குடும்ப அமைதிக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

மறைமுகச் செலவு: எல்லாமே இரண்டு. டயர் இரண்டு ஜோடி, விமானத்தில் இரண்டு பெட்டி, இரண்டுக்கும் தனிக் கட்டணம். போகும்போது பெட்டி கிடைத்துவிடும், திரும்பும்போதுதான் திண்டாட்டம். வழியிலுள்ள சிற்றூர்களில் அட்டைப்பெட்டி கிடைக்காது, கொய்யைக்கே மாதிரி கொஞ்சம் பெரிய ஊரில் சைக்கிள் கடையில் சொல்லிவைக்க வேண்டும்.

யாருக்கு: வேக வித்தியாசம் மிதமாக இருப்பவர்களுக்கு. அப்புறம், ஒரு நாள் முழுக்க ஒருவர் முதுகைப் பார்த்தபடியோ, ஒருவர் சொற்படி கேட்டபடியோ இருக்க முடியாதவர்களுக்கு.

## டாண்டம்

காத்திருப்பு என்ற பேச்சே இல்லை. இருவரும் ஒன்றாக நனைகிறீர்கள், ஒன்றாக மேலே போய்ச் சேருகிறீர்கள், சேர்ந்ததும் உடனே இறங்கலாம். கத்தாமல் பேசிக்கொள்ளலாம். எதிர்காற்றில் இருவருக்கு ஒரே நெஞ்சு, ஆகவே சமதளத்தில் தனிச் சைக்கிளைவிட வேகமாகவே போகும். பின்னால் இருப்பவருக்குக் கை சும்மா இருக்கிறது, சாப்பிடலாம், வரைபடம் பார்க்கலாம், ஜனவரியில் தாபானோ என்கிற பெரிய கடி ஈக்கள் ஏற்றத்தில் மொய்க்கும்போது இருவர் மேலிருந்தும் அடித்து விரட்டலாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், அந்த ஈக்களைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

இவ்வளவு நல்லதென்றால் எல்லோரும் ஏன் இதில் போகவில்லை? முதல் காரணம் பை. டாண்டத்திலும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு பைகள்தான் மாட்ட முடியும், அதில் இருவர் சாமான் அடங்க வேண்டும். வறண்ட நாட்டில் எப்படியோ சமாளித்துவிடலாம். இங்கே ஈரக் கூடாரம், ஈரக் கோட்டு, காய்ந்த துணியைத் தனியாக வைக்க ஒரு பை என்று எல்லாம் இரட்டிப்பு இடம் கேட்கும். கடைசியில் ஒற்றைச் சக்கர ட்ரெய்லர் ஒன்றை வாங்குவார்கள், அது இன்னொரு டயர், இன்னொரு பேரிங், ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் பாரம்.

இரண்டாவது, எடை. இருவர் 130 கிலோ, சைக்கிள் 20 கிலோ, சாமான் 35 கிலோ என்று வைத்தாலே 185 ஆகிறது, இரண்டே சக்கரத்தில். செர்ரோ கஸ்தியோ என்ற ஊருக்குத் தெற்கே பெரும்பாலும் ரிப்பியோ, அதாவது சரளைக்கல் சாலை. வண்டிகள் ஓடி ஓடி குறுக்கே வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். அதில் முதலில் போவது பின்சக்கரத்து ஆரக்கால். 36 அல்லது 40 ஆரக்கால் உள்ள, கையால் கட்டிய சக்கரம் இல்லாமல் போக வேண்டாம். இறக்கத்தில் அத்தனை எடையையும் இரண்டு பிரேக்தான் பிடிக்க வேண்டும், எங்களுக்கு ஒரு நாளில் தேய்ந்த பேடு டாண்டத்தில் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பின்பக்க கியர் கேபிளும் பிரேக் கேபிளும் சாதாரண நீளத்தில் எட்டாது. ஊர்க்கடையில் கிடைக்கும் என்று நம்பாமல் இரண்டு செட் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உடைந்தால் இருவரும் நிற்கிறோம். தனிச் சைக்கிளில் ஒருவர் அடுத்த ஊருக்குப் போய் வண்டி பிடித்து வரலாம். டாண்டத்தில் அந்த வழியில்லை, கை காட்டி பிக்கப்பை நிறுத்தினாலும் இரண்டரை மீட்டர் நீளச் சைக்கிள் அதன் பின்தட்டில் அடங்காது. ஊர்களுக்கு இடையே ஓடும் மினிபஸ்களில் இடமிருந்தால் சைக்கிளை ஏற்றிக்கொள்வார்கள். டாண்டத்தைப் பார்த்ததும் டிரைவர் தலையாட்டிவிடுவார். படகில் மட்டும் பிரச்சினையே இல்லை, லாரி ஏறுகிற இடத்தில் டாண்டம் ஏறாதா என்ன.

விமானம் தனிக் கதை. சென்னையிலிருந்து சிலியின் தலைநகர் சாந்தியாகோவுக்கு நேர் விமானம் கிடையாது, அங்கிருந்து புவெர்த்தோ மோந்துக்கு உள்நாட்டு விமானம் வேறு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் பெட்டி நீளத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது, முழு டாண்டம் பெரும்பாலான வரம்புகளைத் தாண்டிவிடும். சட்டத்தை நடுவில் கழற்றி மாட்டும் இணைப்பு வைத்த டாண்டம் வாங்கினால் இரண்டு சாதாரணப் பெட்டியில் போகும், ஆனால் அந்த இணைப்புக்கே ஒரு நல்ல சைக்கிளின் விலை கொடுக்க வேண்டியிருக்கும். அப்போது இரண்டு பெட்டிக் கட்டணமும் கட்டுகிறீர்கள், மிச்சம் என்று ஒன்றுமில்லை.

இதையெல்லாம் மீறி டாண்டம் யாருக்கு? ஏற்கெனவே ஊரில் டாண்டம் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு. ஒருவருக்குப் பார்வைக் குறைபாடு உள்ள தம்பதிக்கு, அவர்களுக்கு இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகள் தேவையே இல்லை. அப்புறம், வேக வித்தியாசம் எந்தச் சுமை மாற்றத்துக்கும் அடங்காத தம்பதிக்கு. ஆனால் இந்தப் பயணத்துக்காகவே முதல் டாண்டம் வாங்கி, ரிப்பியோவில் வைத்துப் பழகலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். முன்னால் இருப்பவர் ஒவ்வொரு பள்ளத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பின்னால் இருப்பவர் சாலையைப் பார்க்காமலே நம்ப வேண்டும். இந்த இரண்டும் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

## ஒருவருக்கு மட்டும் மின்சைக்கிள்

யோசனை நல்ல யோசனைதான். ஏற்றத்தில் மோட்டார் தள்ளும், இருவரும் ஒன்றாகப் போகலாம். மழையால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகிவிடாது, நல்ல தயாரிப்புகள் அதற்காகவே அடைத்து வருகின்றன.

தடை பேட்டரி. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரி அனுமதி இல்லை, சைக்கிள் பேட்டரிகள் சாதாரணமாக 400, 500 வாட்-மணி. அதனால் வீட்டிலிருந்து கொண்டுபோகும் பேச்சே கிடையாது, அங்கே வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். வாடகை என்றால் பெரும்பாலும் எடுத்த ஊரிலேயே திருப்பித் தர வேண்டும், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் பயணத்துக்கு அது ஒத்துவராது.

சார்ஜ் போடுவது வடபாதியில் நடக்கும். சைத்தேனிலிருந்து கொய்யைக்கே வரை ஊருக்கு ஊர் பெரும்பாலும் 100 கி.மீ.க்குள், ஒவ்வொன்றிலும் தங்கும் வீடு இருக்கிறது. ஆனால் அப்படியானால் தினமும் ஊரில்தான் தங்கியாக வேண்டும், கூடாரம் அடிக்கும் சுதந்திரம் போய்விடும், தங்கும் செலவு ஏறும். தெற்கே கோச்ரானே ஊரைவிட்டால் வியா ஓஹிக்கின்ஸ் வரை ஏறத்தாழ 230 கி.மீ., நடுவில் பாதையை விட்டு விலகி கலேத்தா தோர்த்தேலுக்குப் போனால் ஒழிய ஊர் என்று ஒன்று இல்லை. பேட்டரி தீர்ந்த மின்சைக்கிள் என்பது 25 கிலோ இரும்பு, அதுவும் ஏற்கெனவே மெதுவாக இருந்தவர் காலில்.

யாருக்கு: கொய்யைக்கேயை மையமாக வைத்து ஒரு வாரம் சுற்றிவிட்டு வரப் போகிறவர்களுக்கு. முழுச் சாலைக்கு இது வேண்டாம்.

## எங்கே முடிக்கப் போகிறீர்கள்?

வியா ஓஹிக்கின்ஸில் சாலை முடிகிறது. அங்கிருந்து மூன்று வழி.

பஸ்ஸில் வந்த வழியே திரும்பலாம். அல்லது அதற்கு முன்பே, புவெர்த்தோ யுங்காயிலிருந்தோ தோர்த்தேலிலிருந்தோ படகு ஏறி புவெர்த்தோ நத்தாலெஸ் போகலாம், நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும் கடல் பயணம், டாண்டத்துக்கு இதைவிடச் சௌகரியமான முடிவு இல்லை. மூன்றாவது வழிதான் எல்லோரும் ஆசைப்படுவது: ஏரியைப் படகில் கடந்து கந்தெலாரியோ மன்சியாவில் இறங்கி, மலையேறி, எல்லை தாண்டி அர்ஜென்டினாவின் எல் சால்த்தேன்.

எல்லைவரை சரளைச் சாலை, தள்ளிக்கொண்டாவது போய்விடலாம். எல்லையைத் தாண்டியதும் சாலை நின்று, காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையாகி ஐந்தாறு கி.மீ. தேசியர்த்தோ ஏரிக்கு இறங்குகிறது. வேர், ஓடை, சேறு. பல இடங்களில் பாதை இடுப்பளவு ஆழத்தில் வாய்க்காலாக அரித்துப்போய், சைக்கிள் நடுவில் மாட்டி, இரண்டு பக்கப் பையும் மண்ணில் உரசி நிற்கும். பையைக் கழற்றித் தனியாகத் தூக்கிப்போய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து சைக்கிளைத் தூக்க வேண்டும், அதாவது ஒவ்வொரு கி.மீ.யும் மூன்று கி.மீ. நாங்கள் ஒரு சைக்கிளுக்கு இருவராகத் தூக்கித்தான் சில இடங்களைத் தாண்டினோம். அந்த வாய்க்காலில் ஒரு டாண்டத்தைத் திருப்புவதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. செய்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். கூடவே, காற்று பலமாக இருந்தால் ஏரிப்படகு ஓடாது. சில நாள் கையிருப்பு வைத்துக்கொள்ளாமல் இந்தப் பக்கம் விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.

## வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

ஜூலையில், மழை பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு நாள், ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறுங்கள். 40 கொண்டை ஊசி வளைவு. எடுத்துப்போக நினைக்கும் சாமான் முழுக்கச் சைக்கிளில் இருக்க வேண்டும், சோதனைச்சாவடியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பத்தாவது, இருபதாவது, முப்பதாவது வளைவில் வேகமானவர் நின்று, அடுத்தவர் வரும்வரை கடிகாரத்தைப் பார்க்கட்டும். படகோனியாவின், அதாவது அந்தத் தென்கோடிப் பகுதியின், குளிர் இங்கே கிடைக்காது, இடைவெளி மட்டும் அப்படியே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து நிமிஷத்துக்குள் என்றால் ஆளுக்கொரு சைக்கிள், வேறு யோசனை வேண்டாம். பத்திலிருந்து இருபது என்றால் சுமையை மாற்றிக்கொண்டு இன்னொரு நாள் ஏறிப் பாருங்கள், பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். அரை மணியை நெருங்கினால் டாண்டம் பற்றிப் பேசலாம், அப்போதும் கொய்யைக்கே வரையிலான வடபாதியோடு நிறுத்திக்கொண்டு பல்மசேதா விமான நிலையத்திலிருந்து திரும்புவது நல்லது.

எதை எடுத்தாலும், ஜனவரி பிப்ரவரியில் போவதாக இருந்தால் சாலையின் வடபகுதியில் ஒர்னோப்பிரேன் என்ற ஊரிலிருந்து கிளம்பும் படகில் இடத்தை முன்பே பதிவு செய்துவிடுங்கள். சிலிக்காரர்களுக்கும் அப்போதுதான் விடுமுறை.